1711 எண் வண்டி வந்த வழி

போத்தனூர் ஜங்ஷன் கோயம்புத்தூர் ஜங்ஷனைவிட மூத்தது. இதைச் சொன்னால் கோவைக்காரர்களே நம்பத் தயங்குவார்கள். 1861-இல் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய மலபார் ரயில், கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நீண்டு, 1862-இல் போத்தனூரில் சென்னைப் பாதையோடு சேர்ந்தது. கோயம்புத்தூருக்குத் தண்டவாளம் வந்தது அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, மேட்டுப்பாளையம் போகிற கிளைப் பாதையில். அதனால் அந்தக் காலத்தில் மலபாரிலிருந்து ரயிலில் சென்னைக்கோ பெல்லாரிக்கோ போகிற எதுவும், மிளகானாலும் கைதியானாலும், போத்தனூரைத் தொடாமல் போக முடியாது.

1921 நவம்பர் 19 சாயங்காலம் திரூரில், மலபார் கலகத்தில் பிடிபட்ட நூறு கைதிகளை ஏற்றினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பயணிகள் பெட்டி இல்லை. எம்.எஸ்.எம். ரயில்வேயின் 1711 எண் சாமான் வண்டி. அதைக் கோழிக்கோட்டிலிருந்து சென்னை போகும் 77-ஆம் எண் பாசஞ்சரில் கோத்து அனுப்பினார்கள். போக வேண்டிய இடம் பெல்லாரிச் சிறை. நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு வண்டி போத்தனூரில் நின்றபோது கதவைத் திறந்தார்கள். 56 பேர் இறந்து கிடந்தார்கள். மிச்சம் பேரைக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். வழியிலும் ஆஸ்பத்திரியிலும் சிறையிலுமாக மேலும் சிலர் போனார்கள். மொத்தம் 70 பேர் என்பது விசாரணையில் வந்த கணக்கு. 64 என்று எழுதிய புத்தகங்களும் நிறைய உண்டு.

கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சம்பவம் இது. அங்கே ‘வாகன் டிராஜடி’ என்றே சொல்வார்கள். கதவு திறந்த ஊரில் யாருக்குத் தெரிகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அப்புறம் அந்த வண்டி வந்த வழியில் எதிர்த்திசையில் திரூர் வரைக்கும் போவதாகத் திட்டம்.

போத்தனூர் இன்னும் ரயில்வே ஊர்தான். 1956-இல் கோட்ட அலுவலகம் ஒலவக்கோட்டுக்குப் போய்விட்டது. சிக்னல் பணிமனை இருக்கிறது, காலனி இருக்கிறது, ஆங்கிலோ இந்தியர்கள் இருந்த வீடுகளும் அவர்கள் நட்டு வளர்த்த மரங்களும் மிச்சம் இருக்கின்றன. பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தேன். 1921-ஐப் பற்றி எந்தப் பலகையும் என் கண்ணில் படவில்லை. வெளியே டீக்கடையில் கேட்டேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

“அப்படி ஒண்ணு நடந்துச்சுங்களா? நான் இங்கயே பொறந்து வளந்தவன். கேள்விப்பட்டதே இல்லீங்.”

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “கலவரம்னா தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டுங்க. அதைக் கேளுங்க, சொல்றோம்.”

அவர் சொன்னது சரி. 1997 நவம்பர் கடைசியில் காவலர் செல்வராஜ் கொலை, அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் சாவு, 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் சாவு. உக்கடம், கரும்புக்கடை, குறிச்சி, போத்தனூர் என்று இந்தத் தெற்குக் கோவை முழுக்க அந்த மூன்று மாதத்தின் நினைவில்தான் இன்னும் வாழ்கிறது. வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிற முஸ்லிம் பையனிடம் ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. அதற்கு முந்திய எதையும் அந்த மூன்று மாதம் மூடிவிட்டது. தவிர, 1921 நடந்தது ‘மலையாளத்தான்’ ஊரில், நமக்கென்ன என்று ஒரு நினைப்பு. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம், கோயம்புத்தூருக்கு அடுத்த மாவட்டம் என்பதே 1956-க்குப் பிறகு மறந்துபோயிற்று.

கண்ணூர் போகும் பகல் வண்டி. மதுக்கரை தாண்டியதும் வேகம் குறைந்தது. இங்கே தண்டவாளத்தில் அடிபட்டு யானைகள் செத்துப்போனதால், வாளையார் வரை வண்டிகள் நிதானமாகத்தான் போக வேண்டும். காட்டோரம் கேமரா வைத்துக் கணினி கொண்டு யானை நடமாட்டத்தைக் கண்காணிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஜன்னல் வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தது. இந்தக் காற்று இல்லாவிட்டால் கொங்கில் கோடையைத் தாங்க முடியாது.

கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 1921-இல் காங்கிரஸ் விடுத்த அழைப்பு ஒன்றேதான்: ஒத்துழையாமை, அதோடு கிலாபத். முதல் உலகப் போரில் தோற்ற துருக்கியின் கலீபாவைப் பிரிட்டன் அவமதித்துவிட்டது என்ற முஸ்லிம்களின் கோபத்தைக் காந்தி தன் இயக்கத்தோடு இணைத்தார். 1920 ஆகஸ்டில் ஷௌகத் அலியோடு கோழிக்கோட்டுக்கே வந்து பேசினார். இதே அழைப்பு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலாக ஆயிற்று. பெரியார் சிறைக்குப் போனார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்கு நின்றார்கள். மலபாரின் ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் அதே அழைப்பு ஆறு மாதப் போராக ஆயிற்று. அரசின் கணக்கிலேயே 2,339 கலகக்காரர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைகள் முரடர்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் சொன்ன பதிலை நம்மில் பலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. நிலத்தைப் பார்க்க வேண்டும். கொங்கில் ரயத்துவாரி. உழுகிற குடியானவர் பெயரில் பட்டா. மலபாரை 1792-இல் திப்புவிடமிருந்து வாங்கிய கம்பெனி, ஊரை விட்டு ஓடியிருந்த ஜன்மி நிலப்பிரபுக்களைத் திரும்ப அழைத்து, அவர்களையே நிலத்தின் முழு உடைமையாளர்களாக ஆக்கியது. காணம், வெறும்பாட்டம் என்று குத்தகைக்கு உழுதவர்களைக் கோர்ட் மூலம் வெளியேற்றலாம். ஏறநாட்டில் ஜன்மி பெரும்பாலும் நம்பூதிரி அல்லது நாயர். உழுதவர் பெரும்பாலும் மாப்பிள்ளை. நிலத்தின் கோடும் மதத்தின் கோடும் ஒரே இடத்தில் விழுந்தன. 1836-இலிருந்தே அங்கே கலகம் வெடித்துக்கொண்டிருந்தது. 1855-இல் கலெக்டர் கானலியை அவர் பங்களாவிலேயே வெட்டிக் கொன்றார்கள். 1880-களின் தொடக்கத்தில் வில்லியம் லோகன் விசாரித்து, நோய் குத்தகை முறையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அரசு அதை முழுசாகக் கேட்கவில்லை.

கொங்கை இதில் உயர்த்திப் பேசவும் ஒன்றுமில்லை. இங்கே அந்தக் கோடு வேறு இடத்தில் விழுந்தது: தோட்டத்துக்காரருக்கும் பண்ணையாளுக்கும் நடுவே. கள்ளுக்கடை மறியல் அந்தக் கோட்டுப் பக்கமே போகவில்லை. அதனால்தான் இங்கே அமைதியாக நடந்தது என்றுகூடச் சொல்லலாம்.

மலபாரில் பொறி விழுந்தது 1921 ஆகஸ்ட் 20 அன்று. கலெக்டர் தாமஸ் பட்டாளத்தோடு திரூரங்காடிக்குப் போய், கிலாபத் தலைவர் ஆலி முஸ்லியாரைத் தேடிப் பள்ளிவாசலைச் சோதனை போட்டார். மம்புறம் பள்ளிவாசலை இடித்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பொய். ஆனால் அது போதுமானதாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷன், தாலுகா கஜானா, ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று தாக்கினார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸில் இருந்தவை கடன் பத்திரமும் குத்தகைப் பத்திரமும். மதத்துக்காக எழுந்தவனும் பத்திரத்தைத்தான் முதலில் கொளுத்தினான். சீக்கிரமே ராணுவச் சட்டம். பிடிபட்டவர்களும் சரணடைந்தவர்களும் அரசுக் கணக்கில் 45,404. மலபாரில் அவ்வளவு பேருக்குச் சிறை ஏது? பெல்லாரி, கோவை, வேலூர், அந்தமான் என்று வண்டி வண்டியாக ஏற்றினார்கள். ரயில்வே கொடுத்தது சாமான் வண்டிகள். நவம்பர் 19-க்கு முன்பும் இதேபோன்ற வண்டிகளில் பலமுறை கைதிகள் போயிருக்கிறார்கள். அதனால் அன்றைக்கும் யாரும் யோசிக்கவில்லை.

பாலக்காடு ஜங்ஷன் வந்தது. அதுதான் அன்றைய ஒலவக்கோடு. அந்த இரவில் வண்டி இங்கே கால் மணி நேரம் நின்றது. அதற்கு முன் ஷொரணூரில் அரை மணி நேரம். காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ளே கத்தினார்கள், சுவரை அடித்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஆணி போன இடத்தில் இருந்த ஓர் ஓட்டையில் மாறி மாறி மூக்கை வைத்து மூச்சு விட்டதாகவும், வியர்வையை நக்கியதாகவும் அவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. காவலுக்கு வந்த சார்ஜன்ட் ஆண்ட்ரூஸும் காவலர்களும் அதே வண்டியில் வேறு பெட்டியில் இருந்தார்கள். இரண்டு ஜங்ஷனிலும் கதவைத் திறக்கவில்லை.

பாலக்காட்டில் எங்கள் வண்டியும் கொஞ்ச நேரம் நின்றது. பழம்பொரி விற்றார்கள். எதிர் சீட்டில் ஒத்தப்பாலம் போகும் ஒரு பாட்டி தன் பேரனுக்குப் பாதியைப் பிட்டுக் கொடுத்து, மீதியை எனக்கு நீட்டினார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது.

வண்டியில் நடந்த சாவுகளை விசாரிக்க, மலபார் விவகாரங்களுக்கான சிறப்பு ஆணையர் நாப் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. மஞ்சேரி ராமய்யர் போன்ற உள்ளூர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். குழு கண்டுபிடித்தது இது: அந்த வண்டியில் காற்றுக்கென்று இருந்த சல்லடைக் கம்பி வலை, மேலே மேலே அடித்த பெயின்டாலும் தூசியாலும் அடைத்துப்போயிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் வலை. காற்று மட்டும் போகாது. யாரோ ஒரு பெயின்டர் தன் வேலையைச் செய்தார், யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் வண்டியைக் கொடுத்தார், யாரோ ஒரு சார்ஜன்ட் பூட்டினார். ஆண்ட்ரூஸ் மேல் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. கொடூரன் ஒருவன் கிடைத்திருந்தால் வரலாற்றுக்கு வசதியாக இருந்திருக்கும். இங்கே கிடைத்தது பெயின்ட். எனக்கு இந்த விசாரணையில் பிடிபடாதது ஒன்றுதான். பெயின்ட் மூச்சை அடைத்தது சரி, காதை யார் அடைத்தார்கள்? ஷொரணூர் பெரிய ஜங்ஷன். அரை மணி நேரம் பிளாட்பாரத்தில் போர்ட்டர் இருப்பான், மற்றப் பயணிகள் இருப்பார்கள். ராணுவச் சட்டம் நடக்கிற ஊரில் ‘கலகக்காரன் கத்துகிறான்’ என்று எல்லோருக்கும் ஒரு பதில் கைவசம் இருந்திருக்க வேண்டும்.

ஷொரணூரிலிருந்து பாரதப்புழை பாதையோடு கூடவே வருகிறது. பட்டாம்பி, பள்ளிப்புறம், குற்றிப்புறம். மணல் எடுத்த குழிகளில் தண்ணீர், நடுவில் காடுபோல் வளர்ந்த நாணல். திருநாவாயா தாண்டினால் திரூர்.

மறுநாள் காலையில் கோரங்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனேன். போத்தனூரிலிருந்து உடல்களை அதே பாதையில் திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே 44 பேரையும் கோட்டுப் பள்ளிவாசலில் 11 பேரையும் அடக்கம் செய்தார்கள். செத்தவர்களில் சில இந்துக்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் பெரிந்தல்மண்ணைக்குப் பக்கத்துப் புலாமந்தோள், குருவம்பலம் ஊர்க்காரர்கள், கூலி வேலையும் சில்லறைப் பிழைப்புமாக இருந்தவர்கள். புலாமந்தோள் பாலத்தை உடைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

பள்ளிவாசலில் என்னோடு பேசிய பெரியவர் உக்கடம் மீன் மார்க்கெட்டில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“இக்கா, போத்தனூர்ல இதை யாருக்கும் தெரியல,” என்றேன்.

“தெரியாது. நான் அங்க டெய்லி போத்தனூர் வழியாத்தான் வருவேன், போவேன். எனக்கே அங்க இருக்கும்போது நினைவு வந்ததில்ல. இங்க வந்தாத்தான் வரும்.”

திரூர் நகராட்சி டவுன் ஹாலுக்கே வாகன் டிராஜடியின் பெயர்தான். கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்காட்சி எல்லாம் அதில் நடக்கின்றன. ரயில் நிலையத்துச் சுவரில் 2018-இல் இந்தச் சம்பவத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். பாரதிய ஜனதா கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கலகக்காரர்களைச் சுதந்திரப் போராளிகளாகக் காட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. அதே நவம்பரில் ரயில்வே அதை அழித்துவிட்டது. மறுபடியும் பெயின்ட்.

அவர்கள் கேள்வியை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஷொரணூரிலிருந்து நிலம்பூர் போகும் கிளைப் பாதையில் துவ்வூர் என்று ஒரு நிலையம் உண்டு. 1921 செப்டம்பரில் அந்த ஊரில், பட்டாளத்துக்கு உதவினார்கள் என்று சொல்லி முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கிணற்றில் போட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் இந்துக்கள். கட்டாய மதமாற்றம் நடந்தது. வீடு வாசலை விட்டுக் குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். அப்படி ஓடிய குடும்பங்களில் ஏலங்குளத்து நம்பூதிரிக் குடும்பமும் ஒன்று. அந்த வீட்டுப் பையன்தான் பிற்பாடு கேரளத்தின் முதல் முதலமைச்சராகி, முதல் வேலையாகக் குடி வெளியேற்றத்தைத் தடுத்து அவசரச் சட்டம் போட்ட ஈ.எம்.எஸ். அவர் 1946-இல் 1921-ஐப் பற்றி எழுதியபோது, அதில் அழைப்பும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது என்றார். தன் வீட்டாரைத் துரத்திய கலகத்தில் குடியானவனின் நியாயத்தையும் பார்க்க முடிந்தவர் அவர். அம்பேத்கர் அந்தக் கலகத்தில் இந்துக்கள் பட்டதைக் கடுமையாக எழுதினார். இரண்டையும் படிக்க வேண்டும். நம்மிடம் ஆளுக்கொன்றைத்தான் படிக்கிறார்கள்.

கேரள அரசு 1971-இல் இதைச் சுதந்திரப் போராட்டத்தின் பகுதியாக ஏற்றது. நூற்றாண்டு வந்த 2021-இல், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு ஒன்று, தியாகிகள் அகராதியிலிருந்து 387 பேரை நீக்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. ஆலி முஸ்லியார், கலகத்தின் இன்னொரு தலைவர் வாரியங்குந்நத்துக் குஞ்ஞஹம்மது ஹாஜி, இந்த வண்டியில் செத்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். ஹாஜியைப் பற்றி அறிவித்த படத்திலிருந்து நடிகர் பிருத்விராஜும் அதே வருஷம் விலகிக்கொண்டார். அகராதியில் வைக்கிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும் ஒரே எண்ணம்தான்: செத்தவன் யார் என்று தெரிந்தால்தான் அவன் சாவு குற்றமா இல்லையா என்று சொல்ல முடியும். குருவம்பலத்துக் கூலிக்காரன் தியாகியா, துவ்வூர்க் கும்பலில் ஒருவனா, சும்மா சந்தைக்கு வந்தபோது பிடிபட்டவனா என்று எனக்குத் தெரியாது. அரசாங்கம் அவனைப் பூட்டியது, சாவி அரசாங்கத்திடம் இருந்தது. வழக்கு அதோடு முடிந்தது.

எந்தக் கலீபாவுக்காக இதெல்லாம் தொடங்கியதோ, அந்தப் பதவியைத் துருக்கியே 1924 மார்ச்சில் ஒழித்துவிட்டது. 2010 டிசம்பரில் துனிசியாவில் பழ வண்டிக்காரர் ஒருவர் தீக்குளித்ததில் தொடங்கிய அரபு எழுச்சிகளைச் சில வருஷங்களுக்குள் ஆளுக்கொரு கொடி பங்குபோட்டுக்கொண்டதைப் பார்த்தோம். எழுகிறவன் ரொட்டியையும் நிலத்தையும் சொல்கிறான். கதை எழுதுகிறவன் கொடியைச் சொல்கிறான். மலபாரில் நிலக் கேள்விக்குப் பதில் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1930-இல் குத்தகைச் சட்டம் கொஞ்சம் பாதுகாப்புத் தந்தது. 1970 ஜனவரி 1 அன்று நிலச் சீர்திருத்தம் நடப்புக்கு வந்து ஜன்மி முறை ஒழிந்தது. 1969-இல் மலப்புரம் தனி மாவட்டமானது, அதையும் ‘குட்டிப் பாகிஸ்தான்’ என்று எதிர்த்தார்கள். அப்புறம் வளைகுடா. திரூர்ச் சந்தையில் இன்று விற்கிற சாமான்களைப் பார்த்தால் துபாய்க்கும் திரூருக்கும் நடுவே கடல் இருப்பதே தெரியவில்லை.

திரும்பி வந்து, கோவையில் சிநேகிதர் ஒருவரோடு டாக்டர் நஞ்சப்பா சாலையில் நடந்தேன். அவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். மத்திய சிறையின் நீளச் சுவர் கூடவே வந்தது. வளாகத்தின் ஒரு பக்கம் செம்மொழிப் பூங்கா ஆகிவிட்டது. சிறையையே பிளிச்சிப் பக்கம் மாற்றப்போகிறார்கள். இங்கே வ.உ.சி. செக்கிழுத்தார் என்பது கோவைக் குழந்தைக்கும் தெரியும். இதே சிறையில் 1922 பிப்ரவரி 17 அன்று ஆலி முஸ்லியாரைத் தூக்கிலிட்டார்கள். இதைச் சொன்னதும் சிநேகிதர் நின்றார்.

“இங்கயா?”

“இங்கதானுங்.”

“அப்ப, சிறை காலியானதும் அவருக்கும் தியாகின்னு ஒரு போர்டு வைக்கச் சொல்றீங்களா? ஊர்ல இருக்கற நெலமைல?”

“தியாகின்னு வேண்டாங்க. பேர், தேதி, எந்தக் கோர்ட், என்ன தண்டனை. அவ்வளவுதான் எழுதணும்.”

“கிணத்தையும் எழுதணும்னு ஒருத்தன் கேப்பான்.”

“எழுதட்டும். போத்தனூர்ல வெக்கற பலகைல வண்டி நம்பரையும் எழுதட்டும்.”

அவர் அரை மனசாகத் தலையாட்டினார். மனு எழுதினால் மாநகராட்சிக்கா, சிறைத் துறைக்கா, ரயில்வேக்கா என்று காந்திபுரம் வரைக்கும் வாதாடிக்கொண்டே வந்தோம்.